ஞாயிற்றுக்கிழமை முகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலேஸ்வரி பின்னேரமே கணவரைத் தயார்படுத்தத் தொடங்கிவிடுவார். முதலில் சவரம். பிறகு இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துவாயால் முகம் துடைப்பு. கடைசியாகக் கிறீம். ரொறன்ரோவிலிருந்து மகள் நிருஷா ஆட்களிடம் கொடுத்துவிட்ட கிறீம் அது. நெற்றி, கன்னம், கழுத்து வரை பூசுவார். இஸ்திரி போட்ட சட்டையை முன்பக்கம் மட்டும் போர்த்தி, ஓரங்களை இரு தோள்களின் கீழும் செருகிவிடுவார். அவரைத் தூக்கிச் சட்டை மாட்டும் பலம் பாலேஸ்வரிக்கு இல்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளையள் வரப்போகினம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கோ."

சண்முகலிங்கம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. வெள்ளவத்தையில், கடற்பக்கத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடி அறையில் அவர் மல்லாந்து கிடந்தார். கீழே ரயில் போனால் கட்டில் லேசாக அதிரும். அவர் உடம்பு முழுதும் அசையும் நேரம் அது மட்டும்தான்.

தொலைபேசித் திரையில் நிருஷாவும் லண்டனிலிருக்கும் மகன் வினோதனும் வந்தார்கள்.

"அம்மா, போனைக் கிட்டக் கொண்டு போங்கோ. அப்பாவின்ர முகம் வடிவாத் தெரியேல்ல," என்றான் வினோதன்.

பாலேஸ்வரி கிட்டக் கொண்டு போனார்.

"பளபளக்கிறார் என்ன? அண்ணா, உன்ர முகத்தைவிட நல்லா இருக்கு."

"எனக்கு இஞ்சை குளிருக்குத் தோல் உரியுது. அவருக்கு ஏசி, கனடாக் கிறீம், பக்கத்தில அம்மா. மாப்பிள்ளை வாழ்க்கை," என்றான் வினோதன்.

சண்முகலிங்கத்தின் இடது கை நடுங்கியபடி எழுந்தது. இடுப்புப் பக்கம் போய் விழுந்தது. மறுபடி எழுந்தது.

"அப்பா டாட்டா காட்டுறார்," என்றாள் நிருஷா.

இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு கையசைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் எதைக் காட்டினார் என்று பாலேஸ்வரிக்குத் தெரியும். முதுகின் அடியில், எலும்பு முட்டும் இடத்தில், முதலில் ஒரு சிவப்புத் தடம்தான் இருந்தது. வேர்க்குரு என்று நினைத்துப் பௌடர் போட்டார். எண்ணெய் தேய்த்தார். தடம் மறையவில்லை. பிறகு தோல் கறுத்தது. அவரைப் பக்கவாட்டில் திருப்ப இரண்டு பேர் வேண்டும். உதவிக்கு வந்துகொண்டிருந்த மயிலம்மா, தன் மகளின் பிரசவத்துக்கு ஊர் போய்த் திரும்பவில்லை. நனைந்த விரிப்பைக்கூடச் சில நாட்கள் மத்தியானம்வரை மாற்ற முடியவில்லை. ஊட்டுவது கஷ்டம் என்று சாப்பாடும் தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க்காகச் சுருங்கிவிட்டது.

ஆனால் தன்னால் ஏலாது என்று பாலேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை. மயிலம்மா போன அன்று நிருஷா சொன்னது மனதில் நின்றது: "உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோம்மா. வத்தளையில ஒரு நல்ல ஹோம் இருக்காம்." கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கூடவே இருந்த மனுசனை அந்நியர் கையில் விட அவரால் முடியாது. அறையில் சாம்பிராணிக் குச்சி எரிந்துகொண்டேயிருந்தது.

ஓகஸ்ட் விடுமுறையில் நிருஷா வந்தாள். பெட்டி நிறையக் கிறீம்கள். அறைக்குள் நுழைந்ததும் சாம்பிராணியையும் மீறி வந்த வாடையில் நின்றுவிட்டாள். கூட வந்த வாகனச் சாரதியைக் கூப்பிட்டு அப்பாவைத் திருப்பினாள். முதுகில் அவளுடைய கைமுஷ்டி அளவில் ஒரு குழி இருந்தது.

தனியார் மருத்துவமனையில் வைத்தியர் மெதுவாகத்தான் சொன்னார். புண் எலும்புவரை போய்விட்டது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. "அமத்திப் பாத்தும் சிவப்பு மறையேல்ல எண்டா, அண்டைக்கே கொண்டு வந்திருக்கவேணும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பி, ஈரம் நிக்காமத் துடைச்சு, முட்டை, மீன், பருப்பு எண்டு சாப்பாடு குடுத்திருந்தா அநேகமா இந்தளவுக்கு வந்திராது. அந்த இடத்தில தேய்க்கவும் கூடாது, பௌடர் போடவும் கூடாது."

வெளியே வந்ததும் நிருஷா வெடித்தாள். "ஏனம்மா சொல்லேல்ல? ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறம்தானே."

"சொன்னா ஹோமுக்கு அனுப்பியிருப்பாய்."

"அதுக்காக?"

பாலேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். "நான் செய்தது பிழைதான், பிள்ளை. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் எப்பவும் முகத்தைத்தான் காட்டச் சொன்னனீங்கள். நான் முகத்தைக் காட்டினன்." நிருஷாவை நிமிர்ந்து பார்த்து, "அண்டைக்கு அவர் டாட்டா காட்டேல்ல," என்றார்.

நிருஷா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் கிழமையே சண்முகலிங்கம் இறந்துபோனார்.

உடலைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் அவருக்குச் சவரம் செய்து, பௌடர் பூசி, கோட்டு அணிவித்திருந்தார்கள். டிக்கெட் கிடைக்காத வினோதன் நேரலையில் அழுதுகொண்டிருந்தான். "நிரு, கமெராவைக் கிட்டக் கொண்டு போ. அப்பாவின்ர முகத்தை ஒருக்கா..." நிருஷா கிட்டக் கொண்டு போனாள்.

எதிர்வீட்டுச் செலீன் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய தாயும் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார்.

"முகம் அப்பிடியே நித்திரை கொள்ற மாதிரி இருக்கு, மகள். அம்மா எவ்வளவு நல்லாப் பாத்திருக்கிறா."

நிருஷா தொலைபேசியைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, உங்கட அம்மாவின்ர முதுகைக் கடைசியா எப்ப பாத்தனீங்கள்?"

"முதுகா? கொஞ்சம் சிவந்து கிடந்துச்சு. வெக்கைக்குத்தானே எண்டு பௌடர் போட்டு விட்டன்."

"வீட்டை போய்ப் பாருங்கோ அன்ரி. அமத்திப் பாத்தும் சிவப்பு மறையாட்டி இண்டைக்கே டொக்டரிட்டக் கொண்டு போங்கோ." "முகத்துக்குக் கிறீம் அனுப்பினா தோலைப் பாத்த மாதிரி எண்டு நினைச்சிட்டம். படுத்திருக்கிறவைக்குத் தங்கட முதுகு தெரியாது. நாங்கள்தான் ஒவ்வொரு நாளும் திருப்பி, துடைச்சு, பாக்கவேணும். தனிய ஏலாட்டி வெக்கப்படாம ஆளைக் கூப்பிடவேணும். கூப்பிட ஒரு ஆளா நாங்களும் இருக்கவேணும். நான் இருக்கேல்ல."



செலீன் அவளையும் சவப்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, கிரியை தொடங்கும்வரை நிற்காமல், வீதிக்கு இறங்கி ஒரு த்ரீவீலை மறித்தார்.