மேனேஜர் சாப்பிடவில்லை

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் அக்காவைப் பார்த்தார்கள், பிறகு நாயைப் பார்த்தார்கள், அதற்கப்புறம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தெட்டு கிலோ மஸ்டிஃப் ஒன்று சமையலறைக் கதவோரம் படுத்துக்கொண்டு, மூக்குக்கு நேரே இருக்கும் கறியும் சோறும் நிறைந்த சட்டியைத் தொடாமல் கிடந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? அக்கா என்பது அந்தத் தெருவே வைத்த பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த தையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர்கள் மரக்கிடங்கு ஆட்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும், ஒரு வேலையும் செய்யாது, வருகிறவன் போகிறவனை எல்லாம் முறைக்கும், மதியம் குறட்டை விடும். வேறு என்ன பெயர் வைப்பது? அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கிடங்கின் மேற்பார்வையாளர். யாராவது லீவு கேட்டால், "எனக்கு மேல ஒரு மேனேஜர் இருக்காரு, அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். மேனேஜர் கொட்டாவி விட்டால் லீவு கிடைத்தது என்று அர்த்தம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், லாரியில் அவர் மடியில் உட்கார்ந்து வந்தது அது. அதற்கு முன் கிடங்கில் இருந்த நாயை, விஷம் தடவிய கறியைப் போட்டுக் கொன்றுவிட்டுத் தேக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பலகை போனதற்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாய் போனதற்கு ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்தக் குட்டி வந்ததும், போலீஸ் நாய்ப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பயிற்சியாளரிடம் நாலு மாதம் விடாமல் அழைத்துப் போனார்.

குட்டி என்றுதான் பெயர். எட்டு மாதத்தில் அக்காவின் இடுப்புக்கு வந்துவிட்டது. அதன் எச்சிலைத் துடைக்க வீட்டுக்காரர் தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும். மறதியில் அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொள்வார். மூட்டு தேய்ந்துவிடக் கூடாது என்று பழைய மெத்தையை நாலாக மடித்துத் தைத்துப் படுக்கை செய்தார். குனிந்து சாப்பிட்டால் கழுத்து வலிக்குமாம், சட்டிக்கு ஒரு மர முக்காலி. ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப்பைப் பிடித்து அதைக் குளிப்பாட்டினால், முடிவில் யார் குளித்தார்கள் என்று சொல்ல முடியாது. "அந்த அக்கறையில கால்வாசி என் மேல இருந்தா நான் ராணியா இருந்திருப்பேன்" என்று அக்கா சொல்வாள். சொல்லிவிட்டு, நாய்க்கு நல்ல துண்டு கறியாகப் பொறுக்கிப் போடுவதும் அவள்தான்.

சாப்பாட்டு வேளையில் அதன் ஒழுக்கத்தைப் பார்க்கவேண்டும். அவர் மேசையில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைக்கும்வரை, சட்டிக்கு முன்னால் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். "மனுஷப் பிள்ளைங்களுக்கே இந்த மரியாதை தெரியாது" என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்காக அவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அந்த இரண்டு நாளும் அது பட்டினி. பாசம் என்றார்கள். அவர் டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது அவர் வரப்போவதில்லை. கிடங்கில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்தவர், அவ்வளவுதான். நாய் சட்டியைத் தொடவில்லை என்பதை முதல் இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த அக்காவின் தம்பி கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தான்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்ல. தண்ணி குடிக்குது, அதுவரைக்கும் நல்லது" என்றார் மருத்துவர். "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம். அப்பவும் சாப்பிடலன்னா க்ளுக்கோஸ் ஏத்தணும். இவ்வளவு பெரிய உடம்பு அதுல எத்தனை நாள் ஓடும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அக்கா அன்றுதான் பயந்தாள். அவர் போனது விதி. இது போனால் அவர் கேட்பார். எங்கேயிருந்து கேட்பார் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

தம்பி வீட்டுக்காரரின் போனில் தேடிப் பயிற்சியாளரின் எண்ணைக் கண்டுபிடித்தான். ஸ்பீக்கரில் போட்டதும் அந்தப் பக்கம் ஒரு கிழவரின் இருமல் கேட்டது.

"துக்கத்துல சாப்பிடாம இல்லீங்க அது. வார்த்தை சொன்னாத்தான் சாப்பிடும். யாரு எதைப் போட்டாலும் அந்த வார்த்தை காதுல விழாம வாய் வைக்காது. விஷக்கறிக்காக அப்படிப் பழக்கினோம்."

"என்ன வார்த்தைங்க?" என்றான் தம்பி.

"எனக்கே சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். களவாட வர்றவன் கறியப் போட்டுட்டு என்னெல்லாம் சொல்லுவானோ, அதுல இல்லாததா ஒண்ணு வைங்கன்னேன். ஒருத்தருக்குத் தெரிஞ்சா ரகசியம், ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா செய்தி."

"பொண்டாட்டிகிட்டகூடவா?" என்றாள் அக்கா.

"பொண்டாட்டிகிட்ட முக்கியமா" என்றார் கிழவர். அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி வேறு, "உங்கிட்ட சொன்னா தையல்காரர் வரைக்கும் போயிருக்கும்லக்கா" என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் குடும்பத்துக்கே புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சாப்பிடு, எடு, தின்னு, சரி, ஓகே, முடிந்தது. பிறகு தேக்கு, வேங்கை, பலகை, ரம்பம். பிறகு அக்காவின் பெயர், மாமனார் மாமியார் பெயர், லாரி நம்பர். "மாமாவுக்குப் பிடிச்ச நடிகை யாருக்கா?" என்று தம்பி கேட்டான். அக்கா முறைத்துவிட்டு, மெல்லச் சொன்னாள். மேனேஜர் அதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் காதை மட்டும் தூக்கிவிட்டுப் போட்டது. காதைத் தூக்குவதும் ஆறாம் நாள் குறைந்துவிட்டது. மறுநாள் காலை க்ளுக்கோஸ் என்று முடிவாயிற்று.

அதுவரை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்ததைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் அக்கா தானே அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்பு கொதிக்கும்போது உப்பு ஜாடியை எடுத்துத் திறந்தாள்.

அந்த உப்பில் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் அவள் சமையலைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. ஐம்பது தாண்டியதும் நாக்குக்கு என்ன வந்ததோ, தினமும் முதல் வாய் வைத்ததும் வாய்க்குள்ளேயே ஒரு குற்றப்பத்திரிகை வாசிப்பார். அவளும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாள், ரோஷம் இல்லாமல் போகுமா? என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்தப் பேச்சைத் தன் வாயால் ஒரு நாளும் எடுக்கவில்லை. தன் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அவர் பங்கில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். மறுநாளும் அதே முணுமுணுப்பு. இன்னும் அரைக் கரண்டி. அவர் இரண்டு செம்புத் தண்ணீரோடு எல்லாவற்றையும் சாப்பிட்டு எழுந்து போவார். ஒரே ஒரு முறை, "உனக்கு நாக்குல ருசி எல்லாம் சரியாத் தெரியுதா? டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுவமா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கிறார் என்று அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழக்கதோஷத்தில் கை அன்றும் கூடுதல் உப்பைப் போட்டுவிட்டது. நாய்க்கு உப்பில்லாமல் வேகவைத்ததைச் சட்டியில் வைத்துவிட்டு, தம்பிக்குப் பரிமாறினாள். அவன் ஒரு வாய் வைத்தான். கண் பிதுங்கியது.

"என்னக்கா இது, வாயில வைக்க முடியல. ஒரே உப்பா இருக்கு."

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறானே என்று அக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உனக்கு உப்பா இருக்கு. உங்க மாமா இருந்திருந்தா இதுக்கே சொல்லியிருப்பாரு, உப்பு கம்மி."

கதவோரம் முக்காலி கடகடவென்று ஆடியது.

இருவரும் திரும்பினார்கள். மேனேஜர் எழுந்து நின்றிருந்தது. கால் நடுங்கியது. தலை முழுவதும் சட்டிக்குள் இருந்தது. ஆறு நாள் பசியை அது மென்றுகூடத் தின்னவில்லை, அப்படியே விழுங்கியது.

தம்பிதான் முதலில் சிரித்தான். "எந்தத் திருடன்க்கா கறியப் போட்டுட்டு 'உப்பு கம்மி'ம்பான்? நாய்ச் சோத்துல உப்பே கிடையாதே, மாமா அதுகிட்ட உண்மையைத்தான் சொல்லியிருக்காரு."

அக்கா சிரிக்கவில்லை. நாய் வந்து ஆறு வருடம். உப்பு குறைய ஆரம்பித்தும் ஆறு வருடம். அவளுக்குக் கேட்காது என்றல்லவா அவர் வாய்க்குள் சொல்லியிருக்கிறார்.

"அவரு என் சமையலைக் குறையே சொன்னதில்லடா" என்றாள். "நான்தான் ஆறு வருஷமா அவருக்கு உப்பைக் கொட்டியிருக்கேன். எனக்கு நாக்கு செத்துப் போச்சுன்னு நினைச்சிருக்காரு. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு, பேசாம தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத் தின்னுருக்காரு மனுஷன்."

தம்பியின் சிரிப்பு நின்றுபோனது. அவன் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தான். அக்கா தடுக்கவில்லை.

மறுநாள் அக்கா எல்லோருக்கும் ஒரே பானையில், ஒரே அளவு உப்புப் போட்டுச் சமைத்தாள். நாய்க்குத் தனியே வேகவைத்துச் சட்டியை முக்காலியில் வைத்தாள். தோளில் அவருடைய துண்டு கிடந்தது. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மேனேஜர் சட்டிக்கு முன்னால் எச்சில் ஒழுக உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் வாய் எடுத்து வைத்தாள். உப்பு சரியாக இருந்தது.

"உப்பு கம்மி" என்றாள்.