வெள்ளையாய் விடப்பட்ட மடுல்கெல்ல

2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10 ஆம் திகதி, திங்கட்கிழமை காலை, கண்டியை அடுத்துள்ள ஓர் அரசாங்க வைத்தியசாலையின் காய்ச்சல் கண்காணிப்பு அறைக்குத் தாதி ஐரின் பொறுப்பாக இருந்தார். நாட்டில் தெரிந்தெடுக்கப்பட்ட சில வைத்தியசாலைகளில் மட்டுமே அத்தகைய அறை உண்டு. இருமலோடு வருபவரின் உடல் வெப்பம் முப்பத்தெட்டுப் பாகையை எட்டினால், மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எட்டாவிட்டால் எடுக்கக் கூடாது. இம்மாதிரிகளின் முடிவுகளைக் கொண்டுதான், இன்புளுவென்சா எங்கே பரவுகிறது என்று வாரந்தோறும் நாட்டின் வரைபடத்தில் நிறம் தீட்டினார்கள். நிறம் ஏறிய பகுதிகளுக்கே வைரஸ் எதிர்ப்பு மருந்து முதலில் சென்றது. மலைமேல் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மடுல்கெல்லப் பக்கம் மட்டும் அந்தக் காய்ச்சல் பருவம் முழுவதும், நோயில்லை என்று பொருள்பட, வெள்ளையாகவே கிடந்தது.

அந்த மடுல்கெல்லவிலிருந்துதான் கிருஷாந்தி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. மழையில் பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. இருமும்போது வயிற்றை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய கணவன் ஜனார்த்தனன் பின்னால் நின்றான்.

ஐரின் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

“ராத்திரி ஒடம்பு கொதிச்சிச்சு மிஸ்ஸி” என்றாள் கிருஷாந்தி.

ஐரின் மறுபடியும் அளந்தார். அதே அளவுதான். பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

“இவ இருமுன இருமல்ல பக்கத்து சீட்டு தானா காலியாயிருச்சு மிஸ்ஸி. நானும் சொகமா ஒக்காந்து வந்தேன்” என்றான் ஜனார்த்தனன். கிருஷாந்தி அவனை முழங்கையால் இடித்தாள். ஐரினுக்கும் சிரிப்பு வந்தது.

ஆயினும் விதி விதிதான். அந்த அறையிலிருந்து தகுதியற்ற மாதிரி ஒன்றுகூடக் கொழும்புக்குப் போனதில்லை என்பதில் ஐரினுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. மாதிரி எடுக்காமலே கிருஷாந்தியைப் பொது வரிசைக்கு அனுப்பினார். அங்கே இருமல் மருந்து கொடுத்தார்கள். தம்பதியர் பிற்பகல் பஸ்ஸில் திரும்பிவிட்டனர்.

வியாழக்கிழமை கிருஷாந்தியைத் தோட்டத்து லொறியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அவளால் ஒரு சொல்லைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவசர அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, சுவாசக் கருவியைப் பொருத்தினார்கள். அங்கே உடனே மாதிரி எடுக்கப்பட்டது. கடுமையான நோயாளிகளுக்கு விதி வேறு: காய்ச்சல் இருந்தது என்று வாயால் சொன்னாலே போதும். திங்கட்கிழமை அவள் சொன்ன அதே சொல்லை, வியாழக்கிழமை ஜனார்த்தனன் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள். இன்புளுவென்சா என்று முடிவு வந்தது.

செய்தி கேட்டு ஐரின் ஓடிச் சென்றபோது, ஜனார்த்தனன் நடைபாதைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் கதிரை இருந்தும் உட்காரவில்லை.

“மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு காச்சல் எறங்க ரெண்டு பனடோல் குடுத்துத்தான் அவள பஸ் ஏத்துனேன். காச்சலோட அந்த மலை வளைவுல பஸ்ல எறங்க முடியாது. கண்டக்டரும் ஒரு மாதிரி பாப்பான். அந்த மாத்திரதான் இப்பிடி ஆக்கிருச்சா?”

ஐரினும் மடுல்கெல்லவில் பிறந்தவர். காய்ச்சலோடு மலையிறங்கும் எவரும் மாத்திரை விழுங்கிவிட்டே பஸ் ஏறுவர். மாணவத் தாதியாக இருந்த நாளில் அவரே அப்படி வந்திருக்கிறார். சீருடை அணிந்த பிறகு எந்தக் கண்டக்டரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை; அந்தப் பழக்கம் நினைவிலிருந்து கழன்றுபோயிற்று. வெப்பமானி காட்டியதை மட்டுமே நம்பினார். வெப்பம் தணிந்தே இறங்கி வரும் ஒரு மலையை, நோயற்ற மலை என்று வாரந்தோறும் அறிவித்துவந்தவர் அவர்தான்.

“இல்ல தம்பி. மாத்திரையால ஒண்ணும் ஆகல. நீங்க செஞ்சது தப்பில்ல. மாத்திர போட்டீங்களான்னு நான்தான் கேட்டிருக்கணும்.”

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவன் தன்னைத் திட்டியிருந்தால் சற்று இலேசாக இருந்திருக்கும் என்று எண்ணும்போதே, அந்த எண்ணத்துக்காகவும் ஐரின் வெட்கப்பட்டார்.

கண்காணிப்புக்குப் பொறுப்பான டொக்டர் நப்லா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். மாத்திரை போட்டவர்களிடமும் மாதிரி எடுக்க அனுமதிக்க வேண்டும் என்று ஐரின் கோரினார். நப்லா உடன்படவில்லை.

“முழு நாடும் ஒரே கோலால அளக்குது, ஐரின். நாங்க மட்டும் கோல மாத்தினா, நோய் கூடிச்சா, கோல் மாறிச்சா எண்டு கொழும்புக்கு எப்பிடி வெளங்கும்?”

அந்த வாதத்தில் பிழையில்லை என்பது ஐரினுக்குத் தெரிந்தது. அதுதான் அவரை மேலும் வருத்தியது.

“சரி டொக்டர், கோல மாத்த வேணாம். ஆனா கோல் படாத எடத்த வெள்ளையா விட்டுட்டு, அங்க நோயில்லன்னு சொல்றோமே. மருந்தும் அதப் பாத்துத்தானே போகுது. நானும் மாத்திர முழுங்கிட்டு அந்த பஸ்ல வந்தவதான். தெரிஞ்சிருந்தும் கேக்கல.”

நப்லா மேசைமீதிருந்த படத்தைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, கிருஷாந்தி எப்படி இருக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் கருவியில்தான் மூச்சு ஓடுகிறது என்றார் ஐரின்.

ஜூன் 17 ஆம் திகதி வைத்தியசாலையில் கூட்டம் நடந்தது. முப்பத்தெட்டுப் பாகை என்ற விதியை மாற்றுவதில்லை என்று அதில் முடிவாயிற்று. இருமலோடு வரும் ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் மாத்திரை போட்டாரா என்று கேட்பது கட்டாயமாக்கப்பட்டது. போட்டவர்களின் தொகை தனியாகக் கணக்கிடப்பட்டு வாராந்த அறிக்கையின் அடியில் குறிக்கப்படும். வைத்தியசாலை வைத்திருக்கும் படத்தில் மடுல்கெல்லப் பக்கம் இனி வெள்ளையாக அல்ல, ‘தெரியவில்லை’ என்று காட்டப்படும். காய்ச்சல் இருந்ததாகச் சொல்லும் கர்ப்பிணிகளுக்கு, வெப்பமானி எதைக் காட்டினாலும், வைரஸ் எதிர்ப்பு மருந்தை அன்றே தொடங்க வேண்டும். நாட்டுப் படத்திலும் இதே திருத்தத்தைச் செய்யுமாறு கேட்டுக் கொழும்புக்கு எழுதினார்கள்; பதில் வரவில்லை. அதற்கு முந்திய நாள் கிருஷாந்தியின் ஆண் குழந்தையைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். குழந்தை உயிரோடு இருந்தது. தாயால் இன்னும் தானாக மூச்சுவிட முடியாததால், சுவாசக் கருவியை இப்போதைக்கு அகற்றுவதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது.