மூன்றாவது தட்டல்

பெல்ட்டின் முடிச்சு மறுபடியும் கோணிக்கொண்டது. தங்கை அதை அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முப்பது வருடங்களாகப் போட்டு வரும் முடிச்சுதான். ஆனால் தன் வயிற்றின் மேல் மட்டுமே போட்டிருக்கிறாள். எதிரில் படுத்திருக்கும் ஒருவருக்குப் போடும்போது இடது வலதாகிவிடுகிறது. மருத்துவமனையின் கீழ்த்தளத்துப் பிணவறையில் அண்ணன் வெள்ளை ஜூடோ உடையில் கிடந்தான். பெல்ட்டை முதுகுக்கு அடியில் நுழைக்க அவனைத் தூக்கினாள். இவ்வளவு விட்டுக்கொடுக்கும் உடம்பை அவள் தூக்கியதே இல்லை.

"முடிச்சு எப்படி இருந்தா என்ன? யார் பாக்கப் போறா?" என்றாள் அண்ணி, சுவரோர நாற்காலியிலிருந்து.

"கோணலா இருந்தா அண்ணன் யாரையும் கிளாஸ் வாசல்லயே நிறுத்திடுவான், அண்ணி."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியிலேயே நின்றுவிட்டது.

"கடைசி நேரத்துல நீ அவர் கையைப் பிடிச்சுட்டுதானே இருந்த?"

தங்கை முடிச்சை இறுக்கினாள். "ம்."

"அது போதும் எனக்கு. நான் பாரு, அந்த நேரம் பாத்து டீ வாங்க இறங்கிட்டேன். நீயாவது பிடிச்சிருந்தியே."

டயர் கடைக்கு மேலே இருந்த ஜூடோ கூடம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப்பாதி. மாலையில் முதல் ஒரு மணி நேரம் அவனுடையது. ஜோடி ஜோடியாக நின்று, எதிராளியைத் தூக்கிப்போடும் ஒரே வீச்சை நூறு தடவை செய்ய வேண்டும். எதிரில் நிற்பவர் அசையாமல் உடம்பைக் கொடுக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் அவளுடையது. அங்கே யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். தள்ளுவார்கள், இழுப்பார்கள், திமிறுவார்கள்.

"மரக்கட்டை மாதிரி நிக்கிறவன யார் வேணா தூக்கிப் போடலாம், அண்ணா. எதிர்ல இருக்கிறவன் என்ன நினைக்கிறான்னு கைக்குத் தெரியணும்."

"கைக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். ஆயிரம் தடவை பண்ணு, கை அதுவே பாத்துக்கும். நடுவுல நீ எதுக்கு?"

இரண்டு மணி நேரத்துக்கும் இடையே கிடைக்கும் பத்து நிமிடத்தில், வியர்வையைத் துடைத்துக்கொண்டே, இதே சண்டை. இருவருக்கும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயம். பிடியில் மாட்டியவர் இரண்டு முறை தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். மூன்றாவது தட்டல் கேட்கவே கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வேறெதுவும் சொல்லித்தர மாட்டார்கள். தட்டு, விடு. தட்டு, விடு.

நேற்று மதியம் மூன்று மணிக்கு அண்ணனின் கை அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அப்போது அவன் விரல்கள் அவள் மணிக்கட்டில் பட்டன. ஒன்று. இரண்டு.

அவள் விட்டுவிட்டாள்.

யோசித்து விடவில்லை. யோசிப்பதற்கு முன்பே கை விட்டிருந்தது. அவன் கை போர்வை மேல் விழுந்தது. அங்கே அந்த விரல்கள் இன்னொரு முறை அசைந்தன. அவள் பதறி மறுபடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விடத்தான் சொன்னானா? வெறும் நரம்புத் துடிப்பா? போர்வை மேல் எதைத் தேடினான்? எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று அவள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. முப்பது வருடச் சண்டையில் அண்ணன் ஜெயித்துவிட்டான். அதைச் சொல்லிக் காட்டத்தான் அவன் இல்லை.

அடக்கம் முடிந்து, கொஞ்சம் பேர் கூடத்துக்கு வந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பயிற்சிப் பாயின் ஓரமாகவே நின்றார்கள். வந்தவர்கள் போன பிறகும் பேக்கரிக்காரர் மட்டும் நின்றார். அண்ணனின் நிரந்தர ஜோடி. பீப்பாய் மாதிரி உடம்பு.

"என்னை ஒரு லட்சம் தடவை தூக்கிப் போட்டிருப்பார் உங்க அண்ணன். ஒரு தடவை லேசா திமிறிப் பாத்தேன். 'நூறு எக்ஸ்ட்ரா'ன்னுட்டார்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். "உங்க கிளாஸ் பக்கம் நான் வந்ததே இல்ல. வந்தா மறுநாள் மாவு பிசைய முடியாதே."

"தெரியும். பயந்தாங்கொள்ளி."

"ஆமா." படியில் இரண்டடி இறங்கியவர் திரும்பினார். "கடைசி வரைக்கும் கையை விடவே இல்லையாமே நீங்க. உங்க அண்ணி சொல்லிச் சொல்லி அழறாங்க. குடுத்து வச்ச மனுஷன்."

காலையில் அவள் சொன்னது ஒரு 'ம்'தான். மதியத்துக்குள் அது இவ்வளவு தூரம் போயிருந்தது.

அவள் திரும்பி வந்து பாயின் நடுவில் உட்கார்ந்தாள். அண்ணி சுவரோர அலமாரியைத் திறந்து அண்ணனின் துண்டு, செருப்பு, பாதி தீர்ந்த தைலப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"ம்?"

"நான் விட்டுட்டேன்."

"எதை?"

"அவன் கையை. ரெண்டு தடவை விரல் பட்டுச்சு. விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் போனான்."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அண்ணி கையிலிருந்த புட்டியின் மூடியைத் திருகினாள். மூடியிருந்த மூடிதான். மறுபடியும் திருகினாள். பிறகு அதைப் பையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்தப் பாயில் கால் வைத்ததில்லை. மெத்தென்று அமுங்கியதில் தடுமாறி, நடுவரை நடந்து வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தராத பிடி. விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மணிக்கட்டு ஒரு பக்கமாக மடங்கி, வலித்தது.

தங்கையின் விரல்கள் அண்ணியின் கையில் தாமாகவே இரண்டு முறை தட்டின.

அண்ணி ஜன்னலைப் பார்த்தபடியே இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.