லொரெட் வீட்டுக்குச் சூடு வந்த விதம்

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், லொரெட் டூபே எங்கள் ஊர் அலுவலகத்துக்குள் வந்து என் மேசைமேல் ஒரு சிவப்பு அட்டையைப் போட்டாள். ‘பற்றவைக்கக் கூடாது’ என்று அதில் அச்சடித்திருந்தது. குளிர்காலத்துக்கு முன்னால் வந்து உலையைச் சுத்தம் செய்கிற ஆள், அவள் வீட்டைச் சூடாக்குகிற மண்ணெண்ணெய் உலையில் விரிசல் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் குழாயை மூடி இந்த அட்டையைக் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

"ஏத்தினா புகை வீட்டுக்குள்ளயே வருமாம். தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துடுவேனாம்" என்றாள். "புது உலைக்கு எங்க போவேன், பெர்னீ?"

நாங்கள் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவள் முப்பது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நான் இந்த அலுவலகத்தில் நாய் உரிமம், படகுப் பதிவு, வீட்டு வரி, இறப்புச் சான்றிதழ் எல்லாம் பார்க்கிறேன். நோட்டரி முத்திரையும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் நவம்பர் பிறந்தால் ஆறு உறைய ஆரம்பிக்கும். லொரெட் இருக்கிற மாதிரி மெல்லிய சுவர் டிரெய்லர் வீட்டில் உலை இல்லாமல் கிறிஸ்துமஸைப் பார்க்க முடியாது.

மாநில அரசு கொடுக்கிற மானியத்தைப் பற்றி நான்தான் சொன்னேன். மண்ணெண்ணெயை விட்டுவிட்டு ஹீட் பம்ப் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு, அதிலும் வருமானம் குறைந்தவர்கள் டிரெய்லர் வீட்டில் இருந்தால், செலவில் பெரும்பங்கை மாநிலமே கொடுக்கிறது. மீதிக்குக் குறைந்த வட்டியில் கடனும் உண்டு.

"குளிர்காத்துல இருந்து சூட்டை உறிஞ்சுமாம்ல? யாரை ஏமாத்தப் பாக்குறாங்க?" என்றாள்.

"உன் ஃபிரிட்ஜ் பின்பக்கம் கை வெச்சுப் பாரு. சுடும். அதே வேலைதான்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தை நிரப்பினோம். மாநில அலுவலகத்தில் தொலைபேசி எடுத்த பெண் பொறுமைசாலி. லொரெட் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டபோதும் மூன்று தடவை பதில் சொன்னாள். அவர்கள் பட்டியலிலிருந்து வெண்டல் என்கிற மெக்கானிக் வந்து வீட்டைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய், தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தார்.

"மெஷின் மாட்டிடலாம்மா. ஆனா அடியில சூடு போற குழாயைச் சுத்தி இருக்கிற போர்வை பத்தடிக்குக் கிழிஞ்சு தொங்குது. எலி குடித்தனம் நடத்துது. இதை அடைக்காம நான் மாட்டினா நீங்க எலிக்குத்தான் சூடு போட்டுக்கிட்டு இருப்பீங்க. மாநிலத்துலயும் பாஸ் பண்ணமாட்டாங்க."

அடைத்துக் கொடுக்க வேறொரு திட்டம் இருந்தது. அதில் பெயர் கொடுத்தால் வசந்தத்தில்தான் ஆள் வரும்.

அது ஒரு தலைவலி. அடுத்தது மறுநாள் வந்தது. லொரெட் என் அலுவலகத்தில் இருந்தபோது மாநில அலுவலகப் பெண் கூப்பிட்டு, வீட்டு வரி ரசீதில் லொரெட் பெயர் இல்லையே என்றாள். எடுத்துப் பார்த்தேன். ஆர்மன் டூபே, அவளுடைய பழைய புருஷன். பதினோரு வருடமாக நானே அச்சடித்து அனுப்புகிற ரசீது. லொரெட் கட்டிக்கொண்டே இருந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. விவாகரத்துத் தீர்ப்பில் வீடும் நிலமும் அவளுக்கு என்றுதான் இருந்தது. ஆனால் ஆர்மன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பத்திரப்படி வீடு இன்னும் அவன் வீடு.

"உங்க கோப்பை மூடாம பத்து நாள் வெச்சிருக்கேன்" என்று லொரெட்டிடம் சொன்னாள் அந்தப் பெண். "அதுக்குள்ள பத்திரம் வந்துட்டா இந்த வருஷப் பணத்துலயே சேர்த்துடலாம். விட்டுடாதீங்க."

லொரெட் தொலைபேசியை வைத்தாள். முகம் கல்லாகிவிட்டது.

"அவன்கிட்டயா? நான் விறைச்சே சாகுறேன்."

ஆர்மன் அவளை அடித்தவனில்லை. குடித்தான், எதையும் அப்புறம் பார்க்கலாம் என்றான். கடைசியில் பனி உருகத் தொடங்குகிற ஒரு ஏப்ரல் மாதம், பனிக்கட்டி இன்னும் தாங்கும் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டி, அவளுடைய காரை ஏரிமேல் ஓட்டினான். அவன் நீந்திக் கரையேறினான். கார் ஏறவில்லை. அடுத்த வாரமே அவள் வக்கீலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரே ஊரில், ஒரே மாதா கோயிலில், பதினோரு வருடம் ஒரு வார்த்தை கிடையாது. அவன் குடியை விட்டு ஆறு வருடமாகிறது என்று ஊருக்கே தெரியும். லொரெட்டிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

அவள் வங்கிக்குப் போய்ப் பழைய மாதிரியே மண்ணெண்ணெய் உலை வாங்கக் கடன் கேட்டுப் பார்த்தாள். அவர்களும் வீடு உங்கள் பெயரில் இல்லையே என்றார்கள். எப்படிச் சுற்றினாலும் ஆர்மன்தான் வழியில் நின்றான்.

நான்கு நாள் போனது. அப்போது உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. ஐந்தாம் நாள் காலை அவள் என் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி ஒலிப்பானை அடித்தாள்.

"ஏறு. முத்திரையை எடுத்துக்கோ. அவன் பொட்டேட்டோ லாரி ஓட்டுறானாம். மனசு மாறுறதுக்குள்ள குத்திடணும்."

"யார் மனசு?"

"வாயை மூடிக்கிட்டு ஏறுடீ."

வயலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தோண்டும் இயந்திரம் வரிசையின் கடைசியில் திரும்பிக்கொண்டிருந்தது; அதன் பக்கத்தில் லாரி நின்றது. ஆர்மன் எங்களைப் பார்த்ததும் இறங்கினான். அறுபத்து மூன்று வயது. தாடி முழுக்க வெள்ளை. தொப்பியைக் கழற்றினான். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள் லொரெட். "உன் கையெழுத்து வேணும்."

சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். உலை, மானியம், பத்து நாள் கெடு, வரி ரசீது. பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். அவன் குறுக்கிடவில்லை. காகிதத்தை வாங்கி லாரியின் முன்மூடிமேல் விரித்து, கண்ணாடி போட்டு, முழுவதையும் படித்தான். இயந்திரத்துக்காரன் ஒலிப்பானை அடித்தான். ஆர்மன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த வீடு உன்னோடதுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான்.

"நானும்தான்."

"அந்த மெஷின் ஏ.சி. மாதிரில்ல இருக்கும்? அது எப்படிச் சூடாக்கும்?"

"ஃபிரிட்ஜ் பின்னாடி கை வெச்சுப் பாரு" என்றாள் லொரெட், ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

சட்டப்படி நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஆர்மன், நீ உன் சொந்த விருப்பத்துலதானே கையெழுத்துப் போடுற?"

"லொரெட் பக்கத்துல நிக்கிறப்ப சொந்த விருப்பம்னு ஒண்ணு ஏது, பெர்னீ?" என்றான். "ஆமான்னு எழுதிக்கோ."

போட்டான். மண் படிந்த கட்டை விரல் தடம் ஓரத்தில் விழுந்தது. நான் முத்திரை குத்தினேன். லொரெட் காகிதத்தை எடுத்து மடித்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நாலடி போனவள் நின்றாள்.

"இதுலயும் ஒரு தொல்லை இருக்கு. அடியில போர்வை கிழிஞ்சிருக்காம். வசந்தம் வரைக்கும் ஆள் கிடையாதாம்."

ஏன் அதை அவனிடம் சொன்னாள் என்று பிறகு கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

ஆர்மன் தொப்பியை மறுபடி கழற்றினான். "அது கிழிஞ்சதில்ல. நான் வெட்டினது. ஒரு ஜனவரியில தண்ணிக் குழாய் உறைஞ்சதுல்ல? கத்தியால கிழிச்சு உள்ள போனேன். அப்புறம் அடைக்கிறேன்னு சொன்னேன்."

"சொன்ன. பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை வரேன். நீ வெளிய வர வேண்டாம். நான் பாட்டுக்கு அடியில கிடந்துட்டுப் போறேன்."

வந்தான். அந்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். வெண்டலைக் கேட்டு என்ன சாமான் வேண்டும் என்று எழுதி வாங்கி, தானே கொண்டுவந்தான். முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். தரைக்கடியில் அவன் நகர்கிற சத்தம் சமையலறைக்கு வந்தது. இடிக்கும், இழுக்கும், ஒரு பிரெஞ்சுக் கெட்ட வார்த்தை, பிறகு மறுபடி இடிக்கும். லொரெட் தரையைக் காலால் உதைத்து, "எலி கடிச்சுதா?" என்று கத்தினாள்.

"எலிக்கு என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கு!" என்று கீழிருந்து குரல் வந்தது.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. எழுந்து போய் அடுப்பில் கல்லைப் போட்டு, எங்கள் ஊர்த் தோசையான ப்ளாய் சுட்டாள். வெண்ணெய் தடவிச் சுருட்டி ஒரு தட்டில் அடுக்கி, என் கையில் கொடுத்தாள்.

"நீயே கொடு" என்றேன்.

"கொடுன்னா கொடு."

இரண்டாவது ஞாயிறு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். படிக்கட்டில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே வந்தாள்.

பத்திரம் மாவட்டப் பதிவகத்தில் ஏறியது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் அதன் நகலை அனுப்பினேன். மாநில அலுவலகப் பெண் அன்று மாலையே கூப்பிட்டாள். "ஓரத்துல இருக்கிறது என்னங்க, கறையா?"

"விரல் தடம். உருளைக்கிழங்கு வயல் மண்ணு."

"செல்லும், செல்லும்" என்று சிரித்தாள்.

கடன் காகிதம் வந்தபோது லொரெட் என்னை உட்கார வைத்து, பொடி எழுத்து உட்பட எல்லாவற்றையும் உரக்கப் படிக்கச் சொன்னாள். மாதம் நாற்பத்தோரு டாலர். போன குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு ஒரு வாரத்துக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தாள். இருந்தும் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "யாரோ ஒருத்தர் எனக்குன்னு இவ்வளவு பணம் ஒதுக்கி வெச்சிருக்காங்க, பெர்னீ. என்னைப் பாத்ததுகூட இல்ல" என்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபர் கடைசியில் வெண்டலும் இன்னொருவரும் வந்து இரண்டு நாளில் மாட்டி முடித்தார்கள். வெளியே பனி மூடாத உயரத்தில் தாங்கியில் ஒரு பெட்டி. உள்ளே பழைய உலை இருந்த அலமாரியில் இன்னொன்று. மானியத்தை வெண்டல் ரசீதிலேயே கழித்துக்கொண்டார். கிளம்பும்முன் மறுபடி வீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"யார் அடைச்சது? எங்க ஆளுங்க இவ்வளவு சுத்தமா பண்ணமாட்டாங்க."

"அது ஒரு ஆளு" என்றாள் லொரெட். "பொறுமையா பண்ணுவான். ரொம்பப் பொறுமையா."

ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரைக்கும் இறங்கியது. அந்த மாதிரி ஒரு சனிக்கிழமை காலை, காப்பி குடிக்க வா என்று கூப்பிட்டாள். போனேன். மூக்குமயிர் உறைந்து கதவைத் திறந்தால், லொரெட் அரைக்கை சட்டையில் நிற்கிறாள். பத்து வருடமாக நவம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுடைய முழங்கையை நான் பார்த்ததில்லை.

"எப்படி?" என்று கேட்டேன்.

"தெரியல. வெளிய அந்தப் பெட்டி பாவம், தாடி மாதிரி உறைபனியோட நிக்குது. தானே உருக்கிக்குது. மறுபடி ஓடுது. காலையில அதுகிட்ட போய் நன்றின்னு சொல்லிட்டு வந்தேன். பைத்தியம்னு நெனச்சுக்கோ." மாநில அலுவலகப் பெண்ணுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறாளாம், கூடவே பஸ் பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று.

காப்பியை ஊற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள்.

"ஆர்மன், நான்தான். இரு, இதைக் கேளு." தொலைபேசியைத் தரையிலிருந்த சூட்டுத் துவாரத்துக்கிட்டே பிடித்தாள். பழைய உலை ஒவ்வொரு தடவை ஓடத் தொடங்கும்போதும் அலமாரிக் கதவே அதிரும். பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்த வீட்டில் குடியிருந்த எவருக்கும் அது மறக்காது.

ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு காதில் வைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"அதான்" என்றாள்.

லொரெட் துவாரத்தின்மேல் வெறுங்காலை வைத்து நின்றாள்.

"நல்லா அடைச்சிருக்க, ஆர்மன்" என்றாள். "தேங்க்ஸ்."

அவன் ஏதோ சொன்னான். இந்தத் தடவை எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது என்று சர்க்கரை டப்பாவைத் தேடுகிற மாதிரி எழுந்துபோனேன். அவர்கள் மறுபடி சேர்ந்துவிட்டார்களா என்று ஊரில் கேட்கிறார்கள். இல்லை. அவன் தன் குடிலில் இருக்கிறான், அவள் தன் வீட்டில் இருக்கிறாள். கோயிலில் பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள். பனி அதிகம் விழுந்த நாளில் அவன் வந்து வெளிப்பெட்டியைச் சுற்றியிருக்கிற பனியைத் தள்ளிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் மதியம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். கிளம்பி வாசல்வரை வந்த பிறகுதான் தெரிந்தது, கோட்டை உள்ளேயே நாற்காலிமேல் கழற்றிப் போட்டிருக்கிறேன் என்று.