ஆளில்லாத் தீவின் அந்தோனியார்

நிக்கோஸ் வாயைத் திறந்தால் அவருடைய தீவுதான். ரொறன்ரோ டான்ஃபோர்த் வீதியில் கிரேக்கச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அந்த மனிதருக்கு, குசினியில் கத்தரிக்காய் வெட்டும் எமில்டாவை விட்டால் கதை கேட்க ஆளில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தீவு முதலில் ஒரு மடத்துக்குச் சொந்தம். பிறகு ஒரு கப்பல்காரன் வாங்கினான். அவன் பேரன் அதைச் சீட்டாட்டத்தில் தோற்றான். கடைசியாக வந்த பணக்காரனுக்குத் தீவு வேண்டும், சனம் வேண்டாம். சின்னப் பெடியனாயிருந்த நிக்கோஸையும் ஆட்டுக்குட்டியோடு படகில் ஏற்றிவிட்டார்கள்.

"வருசத்தில் ஒருநாள், அந்தோனியார் திருநாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போக விடுவான்" என்றார்.

"அந்தோனியாரோ?" எமில்டாவின் கத்தி நின்றது.

யாழ்ப்பாணக் கடலில் இருந்த அவளுடைய தீவை யாரும் விலைக்கு வாங்கவில்லை. தொண்ணூறில் நேவி வந்தது, சனம் வள்ளங்களில் ஏறியது. வலையை எடுத்துவரத் திரும்பிப் போன அவள் புருசன் அலெக்ஸாண்டர் வரவேயில்லை. தொலைந்ததைத் தேடித் தருகிற, அந்தத் தீவுக் கோயிலின் அந்தோனியாரும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். ரொறன்ரோவில் எத்தனை கோயிலில் திரி கொளுத்தியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. அலை கேட்கிற கோயிலில் வைத்த நேர்த்தி அலை கேட்கிற கோயிலில்தான் தீரும் என்று ஒரு பிடிவாதம்.

தொண்ணூற்றாறு தையில் நிக்கோஸ் திருநாளுக்குப் புறப்பட்டபோது, ஒரு மெழுகுதிரியை அவரிடம் கொடுத்தாள். "என்ர மனுசனைத் தேடித் தரச் சொல்லுங்கோ" என்பதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னாள். நிக்கோஸ் அதைத் தன் சட்டைக்குள் சுற்றிவைத்தார்.

திரும்பி வந்ததும் வராததுமாக, கோயிலுக்குள் எடுத்த படத்தை நீட்டினார். அவளுடைய திரி எரிந்துகொண்டிருந்தது. மேலே மாட்டியிருந்த ஓவியத்தில் நீண்ட வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர். எமில்டாவின் அந்தோனியார் தாடியில்லாத இளந்தாரி, குழந்தை யேசுவை ஏந்தியிருப்பவர். இந்தக் கிழவரின் கையில் குழந்தை இல்லை.

"பாலைவனத்தில் தனியே இருந்த துறவி" என்றார் நிக்கோஸ் பெருமையாக.

பெயர் ஒன்று, ஆள் வேறு. இவ்வளவு நாளும் பொத்திவைத்த ஆசை முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நாலு பேர்தான் போனோம்." நிக்கோஸ் கண்ணைத் துடைத்தார். "பொழுதுபட முதல் காவல்காரர் எங்களைக் கலைத்துவிட்டார்கள். இனி வருசம் முழுக்க அவர் அங்கே தனியத்தான்."

எமில்டா படத்தோடு பின்கதவடிக்குப் போனாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிழவரைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீர் என்ர அந்தோனியார் இல்லை" என்றாள் மெல்ல. "எண்டாலும் ஆளில்லாத் தீவில இருக்கிறீர். ஆரும் தனிய வந்து கரையேறினா உமக்குத்தானே முதல் தெரியும். அவரெண்டாச் சொல்லும், நான் இஞ்ச இருக்கிறன் எண்டு."