திரும்பி வந்த புத்தகங்களின் மேசை

கச்சேரி ரோட்டிலிருந்து குளத்துப் பக்கம் திரும்பும் சந்தில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே அந்த லெண்டிங் லைப்ரரி இருந்தது. சுவர் முழுக்க அலமாரிகள். ஆனால் உள்ளே வருகிற யாரும் முதலில் அலமாரிக்குப் போவதில்லை. வாசலை ஒட்டிக் கிடந்த மர மேசைக்குத்தான் போவார்கள். அன்றைக்குத் திரும்பி வந்த புத்தகங்கள் அதன்மேல் குவிந்திருக்கும். நேற்றுவரை இன்னொருவர் கையில் இருந்த புத்தகம் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கத்தான் வேண்டும் என்பது மயிலாப்பூர் வாசகர்களின் அசையாத நம்பிக்கை. அலமாரியில் வருஷக் கணக்காகத் தூசி தின்ற நாவல்கூட மேசைக்கு வந்துவிட்டால் அரை மணியில் காணாமல் போகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஸ்ரீரஞ்சனி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு அந்த மேசையை வைத்தே காலம் தள்ளினாள்.

அவளுக்கு வாய் வராது. கல்லூரியில் வேதியியல் படித்தபோதும் அப்படித்தான். விடை நன்றாகத் தெரிந்திருக்கும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். இங்கேயும் யாராவது வந்து "எது நல்லாருக்கும்?" என்று கேட்டால் காது மடல் சிவந்துபோகும். ஆனால் யாருக்கு எது பிடிக்கும் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆய்வகத்தில் ஒரு உப்பைக் கொடுத்து இது என்ன என்று கேட்பார்கள். முதலில் நிறம், பிறகு மணம், அதற்கப்புறம்தான் அமிலம். வாசகர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். எந்தப் பக்கத்தில் மடித்திருக்கிறார்கள், எந்த அத்தியாயத்தில் காபி சிந்தியிருக்கிறது, எதை மறுநாளே கொண்டுவந்து போட்டார்கள். ஆள் பிடிபட்டதும் அவருக்கான புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, திரும்பி வந்தவற்றோடு மேசையில் செருகிவிடுவாள். அவர் வருவார், கிளறுவார், "நல்ல வேளை, கண்ல பட்டுது" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு எடுத்துப்போவார். ஸ்ரீரஞ்சனி தேதி முத்திரை குத்துவாள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

கடைக்குச் சொந்தக்காரி அஃப்சருன்னிசாவுக்கு இது தெரியாது. அவள் புத்தகம் படிக்கிறவள் அல்ல. "மிட்டாய்க் கடைக்காரி மிட்டாயா தின்னுக்கிட்டு இருப்பா?" என்பாள். புது நாவல்களை அட்டை பளபளப்பைப் பார்த்து வாங்குவாள். பளபளப்பில் நல்லதும் வரும், கண்றாவியும் வரும். கண்றாவி வரும்போதெல்லாம் ஸ்ரீரஞ்சனிக்கு வயிறு எரியும். சொல்ல வாய் வராது.

ஒருநாள் அஃப்சருன்னிசா கைப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "அடையார்ல இன்னொரு கடை போட, புது காம்ப்ளெக்ஸ்ல எடம் பிடிச்சுட்டேன் ரஞ்சனி. கண்ணாடிக் கதவு, கண்ணாடி ஷோகேஸ், எல்லாம் ஜோரா வருது. இந்த மாதிரி அழுக்கு மேசை கெடையாது. ரிட்டர்ன் புக்க பெட்டில போட்டுடணும். வர்றவங்க கவுன்ட்டர்ல நின்னு கேப்பாங்க, இன்சார்ஜ் எடுத்துக் குடுக்கணும்."

"யாரு மேடம் இன்சார்ஜ்?"

"நீ. இல்லன்னா வர்ஷினி."

வர்ஷினி தி. நகர் கிளையில் இருப்பவள். எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் "சூப்பர் புக் சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பாள். பேய்க் கதைக்கும் அதே வாக்கியம், சமையல் குறிப்புக்கும் அதே வாக்கியம்.

"அங்க என்னென்ன புக் வாங்கறதுன்னு இன்சார்ஜ்தான் முடிவு பண்ணணும். எனக்கு அலைச்சல் முடியல" என்றாள் அஃப்சருன்னிசா. "உனக்குப் புக் தெரியும். வாய்தான் இல்ல. வர்ஷினிக்கு வாய் இருக்கு. சனிக்கிழமை காலைல இந்த மேசையக் காலி பண்ணிடறேன். நான் ஓரமா உக்காந்து பாக்கறேன். வர்றவங்ககிட்ட நீயே கேட்டு, நீயே பேசி எடுத்துக் குடு. பேசிட்டியா, அடையார் உன்னுது."

என்னென்ன வாங்குவது என்று முடிவு செய்யலாம். அந்த ஒரு வரிதான் ஸ்ரீரஞ்சனியைப் பிடித்துக்கொண்டது. ஒரு முழுக் கடையின் அலமாரிகளை அவள் நினைத்தபடி நிரப்பலாம். "சரி மேடம்" என்றாள். அதுவே பெரிய பேச்சு.

சனிக்கிழமை மேசை துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. அஃப்சருன்னிசா மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் டில்லிபாபு வந்தான். லஸ் முனையில் ஆட்டோ ஓட்டுபவன். சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு படிப்பான்.

"இன்னா மேடம், மேசை மொட்டையா கீது? புக்குங்கள்லாம் எங்க?"

காது மடல் சூடேறியது. ஓரக்கண்ணில் நாற்காலி தெரிந்தது. "உங்களுக்கு... என்ன வேணும்?"

"எனக்கு இன்னா, எப்பவும்போல பேய்தான்."

பேய்களுக்கு என்றே ஒரு தட்டு இருந்தது. இவன் சுடுகாட்டுக் கதையை மறுநாளே கொண்டுவந்து போட்டவன் என்பது நினைவுக்கு வந்தது. பூட்டிய வீட்டில் ஊஞ்சல் ஆடுகிற பக்கத்தை மட்டும் கிழிகிற அளவுக்கு மடித்திருந்தான்.

"சுடுகாடு வேண்டாம், இல்லையா?"

"சுடுகாட்ல இன்னா மேடம் பயம்? அல்லாரும் போற எடம்தான?"

"ஆள் இல்லாத எடத்துல சத்தம் கேக்கணும். அதுதானே உங்களுக்குப் பயம்?"

டில்லிபாபு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆமா! அது எப்டி ஒனக்குத் தெரியும்?"

அந்தப் பார்வையில் வாய்ப்பூட்டு திறந்துகொண்டது. அவள் தட்டிலிருந்து ஒன்றை உருவினாள். "இது ஒரு சினிமா தியேட்டர். மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. வாட்ச்மேன் மட்டும் இருக்கான். தினம் செகண்ட் ஷோ விடற நேரத்துக்கு உள்ள சீட்டு மடியற சத்தம் கேக்கும். டப். டப். கடைசி வரிசையிலேர்ந்து ஒண்ணொண்ணா முன்னாடி வரும்."

"வந்து?"

"வந்து, புக்ல இருக்கு."

"அட நைனா!" டில்லிபாபு புத்தகத்தை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். "இன்னிக்கு ஏர்போர்ட் சவாரி வந்தாலும் போமாட்டேன்."

மின்விசிறிக் காற்று போதாமல் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்த அஃப்சருன்னிசாவின் கை நின்றிருந்தது.

அடுத்து சூடாமணி மாமி. தெற்கு மாடவீதியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். "ஏண்டிம்மா, இன்னிக்கு ஒரு புஸ்தகமும் திரும்பி வரலியா? ஊரே கேபிள் டிவி பாக்க ஆரம்பிச்சுடுத்தா?"

"இன்னிலேர்ந்து கேட்டு வாங்கிக்கணும் மாமி. என்ன வேணும், சொல்லுங்கோ."

"ஆத்துக் கதையா, நல்லதா ஒண்ணு குடு. யாரும் சாகப்படாது. யாரும் ஓயாம அழப்படாது. சண்டை சச்சரவு வேண்டாம், அது எங்காத்துலயே இருக்கு."

"இதெல்லாம் இல்லேன்னா அது குடும்பமே இல்லையே மாமி."

சொன்ன பிறகுதான், பேசியது தன் வாய்தான் என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தெரிந்தது. மாமி வாய்விட்டுச் சிரித்தாள். "அடி சக்கை! உனக்குப் பேச வருமா?"

ஸ்ரீரஞ்சனி அலமாரியின் மேல்தட்டுக்கு எக்கினாள். "இதுல முதல் பக்கத்துலயே அப்பா போயிடறார். ஆனா யாரும் உக்காந்து அழமாட்டா. அவர் வீட்டை மூணு பொண்களும் பங்கு போட்டுக்கறா. சுவர் வெச்சுக்கறா, பேச்சை நிறுத்திக்கறா. கிணத்தை மட்டும் பங்கு போட முடியல. தண்ணிக்கு மூணு பேரும் அங்க வந்துதானே ஆகணும்?"

"வந்து சண்டை போடுவாளாக்கும்."

"சண்டை போடணும்னா பேசணுமே மாமி. அப்படித்தான் பேச ஆரம்பிக்கறா."

"என் நாத்தனாரைப் பாத்து எழுதினாப்ல இருக்கு" என்று மாமி அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்துவிட்டாள்.

இவ்வளவுதானா பேச்சு என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தோன்றியது. தெரிந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அடையார் கடையின் அலமாரிகளை மனசுக்குள் நிரப்ப ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது சுப்புராயன் வந்தார்.

கெஜடட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, குடை, பையில் பச்சை மைப் பேனா. வழக்கமாக அவர் மேசையில் கிளறி, தடிமனான சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுப்பார். அதற்கு அடியில் ஒரு காதல் நாவல் இருக்கும். முத்திரைக்கு நீட்டும்போது, "கீழ இருக்கறது பொண்ணுக்கு. அசோக் நகர்லேர்ந்து வரா" என்பார். படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க வாசகர்கள் ஏதாவது ஒரு பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போட்டுவைப்பது வழக்கம். மாமி ஒரு சின்ன ஸ்வஸ்திகம் போடுவாள். டில்லிபாபு ஒரு 'டி' கிறுக்குவான். திரும்பி வந்த காதல் நாவல்களில் ஐம்பதாம் பக்க எண்ணுக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சரித்திரத்தில் புள்ளியே இருக்காது.

சுப்புராயனின் கை பழக்கத்தில் மேசைக்குப் போனது. வெறும் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"வாங்கோ சார்!" என்றாள் மாமி, பாட்டு வகுப்புக் குரலில். "இன்னிக்குப் புது ரூல். வாயால கேக்கணுமாம். உங்களுக்கு என்ன கதை வேணும், சொல்லுங்கோ!"

"நானா... சும்மா இந்தப் பக்கம் வந்தேன்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். "அப்பறமா வரேன்."

அஃப்சருன்னிசா புருவத்தை உயர்த்தி ஸ்ரீரஞ்சனிக்குச் சாடை காட்டினாள். கேளு.

என்ன மாதிரி புக் வேணும் சார்? வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கேட்டுவிட்டால் அடையார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாத முகம். அதை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை, தன்னிடம்தான் அறிந்திருந்தாள்.

கேட்கவில்லை. அலமாரிக்குப் போனாள். கை நிறையப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து, திரும்பி வருபவை எப்படி விழுந்து கிடக்குமோ அப்படியே மேசையில் சரித்தாள்.

"சார், இதெல்லாம் இப்பத்தான் வந்தது. இன்னும் எடுத்து வைக்கல. பாருங்க" என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

சுப்புராயன் குடையை மேசைக்காலில் சாய்த்தார். கிளறினார். மேலே சோழர் சரித்திரம் வந்தது. அதற்கு அடியில், பென்ஷன் வாங்கும் வரிசையில் மாதம் ஒருமுறை மட்டும் சந்தித்துக்கொள்கிற இரண்டு பேரின் கதை. கண்ணில் படவேண்டும் என்று அவள் ஓரமாக வைத்திருந்தது.

அவள் முத்திரையைக் குத்திக்கொண்டே, "பொண்ணு வராளா சார்?" என்று கேட்டாள்.

"ஆமாமா. நாளைக்கு வரா." அவர் முகம் மலர்ந்தது.

அவரும் மாமியும் படியிறங்கும்வரை அஃப்சருன்னிசா பொறுத்திருந்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து மேசைக்கு வந்தாள். "மேசைல புக் வெக்கக்கூடாதுன்னு சொன்னேனா, இல்லியா? ரெண்டு பேர்கிட்ட என்னா அழகா பேசின! மூணாவது ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்க என்னா கேடு?"

"அவர் பதில் சொல்ல மாட்டார் மேடம். போயிடுவார். திரும்பி வரமாட்டார்."

"ஒரு ஆள் போனா போறார்."

"ஒரு ஆள் இல்ல. அடையார்லயும் இதே மாதிரி வருவாங்க. காலேஜ் பொண்ணு லவ் கதை கேக்கணும், பக்கத்துல அவ அம்மா நிப்பா. டாக்டர் பேய்க் கதை கேக்கணும், பின்னாலயே பேஷன்ட் நிப்பார். கேக்கறவங்களுக்கு நான் பேசறேன். நல்லாவே பேசுவேன், நீங்களே பாத்தீங்க. கேக்க முடியாதவங்களுக்கு மேசைதான் பேசணும்."

இவ்வளவு நீளமாக அவள் எவரிடமும் பேசியதில்லை. மூச்சுக்கூட வாங்கவில்லை.

"அங்க மேசைக்கு எடம் இல்ல" என்றாள் அஃப்சருன்னிசா. "ஷோகேஸ் ஆர்டர் குடுத்தாச்சு."

"உயரத்தக் குறைக்கச் சொல்லுங்க. அதும்மேலயே புக்கப் பரப்பிடலாம்."

"அரே! கண்ணாடி ஷோகேஸ் மேல பழைய புக்கா?"

"பழசு இல்ல மேடம். திரும்பி வந்தது."

அஃப்சருன்னிசாவின் கை மேசையில் மிச்சமிருந்த புத்தகங்களை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தது. அந்த மேசைக்கு முன்னால் நின்ற எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். அண்ணன்மார் மூவரும் வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் ஒருத்தி மார்க்கெட்டில் கடை திறக்கிற காலையில் அந்தக் கதை தொடங்குகிறது. அஃப்சருன்னிசா ஒரு பக்கத்தைத் திருப்பினாள். நின்றபடியே இன்னொன்றையும் திருப்பினாள். ஸ்ரீரஞ்சனி முத்திரையில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இப்போது பேச வேண்டியிருக்கவில்லை.

"இது யாரு கொண்டுவந்து போட்டது?"

"யாரும் கொண்டுவரல. சாருக்கு எடுக்கும்போதே உங்களுக்கும் ஒண்ணு வெச்சேன்."

அஃப்சருன்னிசா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். "அட்டை நல்லாருக்குதேன்னு பாத்தேன்" என்றாள். அட்டை கிழிந்து பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தவளை ஸ்ரீரஞ்சனி கூப்பிட்டாள்.

"மேடம், தேதி போடணும்."

"என் கடைல எனக்கேவா?"

"ஆமா."

அஃப்சருன்னிசா திரும்பி வந்து புத்தகத்தை நீட்டினாள். முத்திரை விழுந்தது. அவள் தன் இடுப்பளவில் உள்ளங்கையைத் தரைக்குச் சமமாகப் பிடித்துக் காட்டினாள். "ஷோகேஸ் இவ்ளோ உயரம் போதுமா?"

ஸ்ரீரஞ்சனி கவுன்ட்டரிலிருந்து வெளியே வந்து, அந்தக் கையை மெல்லக் கொஞ்சம் கீழே தாழ்த்தினாள். "இவ்ளோ போதும்" என்றாள். "குனிஞ்சு கிளறினாத்தான் என்ன எடுக்கறாங்கன்னு பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது."