அந்த வரி ஏறுமா, இறங்குமா?

எங்கள் எத்தியோப்பியக் கோவிலின் தேவதூதர் மிக்கேல் திருவிழாப் பாட்டில் ஒரு வரி. அதன் கடைசியில் குரல் ஏற வேண்டும் என்பேன் நான். இறங்க வேண்டும் என்பார் என் மனைவியின் அண்ணன் வோல்டகீரோஸ். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர். இருவரும் ஒரே ஆசானிடம் படித்தவர்கள்தான். ஆனால் எங்கள் கோவிலில் என் தொண்டைக்கு இணை கிடையாது. அதை அவரே ஒப்புக்கொள்வார்.

போன வருஷம் நான் ஏற, அவர் இறங்க, கூட்டமே சிரித்துவிட்டது. தலைமைக் குருவுக்குப் பொறுமை போயிற்று. உங்கள் ஆசான் தோலில் எழுதிய பாட்டுப் புத்தகம் அடிஸ் அபாபா தேசிய நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், யார் சரியோ அவர் முன்னால் நின்று பாட்டை எடுக்கட்டும், மற்றவர் பின்வரிசைக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பல வருஷமாக முன்னால் நிற்பவன் நான். பஸ்ஸில் வழி நெடுக மச்சானைச் சீண்டிக்கொண்டே போனேன்.

நூலக வாசலில் எங்கள் கைத்தடிகளையும் மச்சான் பையிலிருந்த வறுத்த பார்லியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழஞ்சுவடிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்செதே என்ற பெண் புத்தகத்தைக் கொண்டுவந்து மெத்தைமேல் வைத்தாள். வழக்கப்படி முத்தமிடக் குனிந்தோம். வேண்டாம் என்று நயமாகத் தடுத்தாள். சரி, அவள் வேலை அது.

மச்சானுக்குக் கண்ணில் புரை. எழுத்தே மங்கல், அதற்கு மேலே எறும்பு ஊர்கிறாற்போல இருக்கும் பாட்டுக் குறிகள் அவருக்கு எங்கே தெரியப்போகின்றன?

"நீயே பாத்துச் சொல்லு, மாப்ள. நீ சொன்னாச் சரி," என்றார்.

வரியைக் கண்டுபிடித்தேன். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் ஏறியது. ஆனால் மனசு பழகிய பக்கம்தான் போகும். இந்தக் குறிகள் வாய்விட்டுப் பாடினால்தான் பிடிபடும். மெல்லப் பாடினேன். கடைசிக் குறியைத் தொட்டதும் குரல் தானாகக் கீழே சறுக்கியது. வரி முடியும் முன்பே அட்செதே வந்து, இங்கே சத்தம் கூடாது என்றாள்.

 குரல் இறங்கியது மச்சான் காதில் விழவில்லை. ஏறுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். அவர் கையைக் கட்டிக்கொண்டு என் முகம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை எனக்குக் கோபத்தைத் தந்தது. கோபத்தை அந்தப் பெண்மேல் காட்டினேன்.

"சத்தமில்லாம இதப் படிக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரலம்மா. ஒரே ஒரு தடவ பாடிக்கிறேன். அப்புறம் வெளிய தள்ளுங்க."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரே ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பென்சிலைக் கீழே வைத்து, பாடட்டும் என்று தலையாட்டினார். அட்செதே கதவைச் சாத்தினாள்.

முழுக் குரலில் பாடினேன். கடைசியில் இறங்கினேன், படிப்படியாக, தரை தொடும்வரை.

 மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எறங்குறதுன்னு தெரியும். இவ்வளவு அழகா எறங்கும்னு தெரியாது, மாப்ள," என்றார்.

திருவிழா அன்று அவர் முன்னால் நின்றார், நான் பின்வரிசையில். அந்த வரி வந்தபோது மொத்தக் கோவிலுக்கும் கேட்டது என் குரல்தான். இறங்கித்தான் பாடினேன்.